கார்டில் தங்கம் மின்ன

சிடாம் கிரி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று தென்கெடாவில் எங்கே கல்யாணம் நடந்தாலும், கோயில் திருவிழா வந்தாலும், கார்டில் கொஞ்சமாவது தங்கம் இருந்தாக வேண்டும். தலையில் பிள்ளையார் தங்கத்தில் இருப்பார். மணமக்கள் பெயர் தங்கத்தில் இருக்கும். கோயில் பத்திரிகை என்றால் கோபுரமும் ஓரத்துப் பூங்கொடியும் தங்கம். தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற அங்பாவ் உறையில்கூட ஒரு குத்துவிளக்காவது தங்கத்தில் இல்லையென்றால் மனசு ஆறாது. தோட்டத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, பாதிப் பேர் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் வீடு மாறிப் போன பிறகும் இந்த ஆசை மட்டும் மாறவில்லை. மாறவும் வேண்டாம்.

ஆனால் அச்சுக் கடைகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "தம்பி, போன்ல காட்டினப்போ அப்படி மின்னுச்சு. கார்டு கையில வந்தா மஞ்சளும் இல்லாம காவியும் இல்லாம என்னமோ ஒரு நிறமா இருக்கே?" கேட்கிற அம்மா மீது தப்பில்லை. பெரும்பாலும் அச்சு இயந்திரத்தின் மீதும் தப்பில்லை. கடைக்குப் போன கோப்பில் தங்கத்தைப் போன்ற ஒரு படம் இருந்தது. தங்க மை போடு என்கிற உத்தரவு இல்லை. அந்த உத்தரவை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. டிசைன் செய்யும் பிள்ளைகளுக்கும், கார்டு அடிக்கக் கொடுக்கும் குடும்பங்களுக்கும், கோயில் செயற்குழுவில் பத்திரிகைப் பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், திரையில் தெரிகிற தங்கம் என்ன என்று பார்த்துவிடலாம். நடுவில் வெளிர் மஞ்சள், இரு பக்கமும் பழுப்பு, குறுக்கே வெள்ளையாக ஒரு கீற்று. அவ்வளவுதான். அதை அப்படியே வழக்கமான நாலு மையில் அடித்தால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் பொடிப் புள்ளிகளாகத்தான் தாளில் இறங்கும். அந்த மைகள் ஒளியை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறடிக்கும். உலோகம் அப்படிச் செய்யாது. விழுந்த ஒளியைப் பெரும்பாலும் ஒரே திசையில் திருப்பி அனுப்பும். கார்டைக் கையில் வைத்துக் கொஞ்சம் சாய்த்தால் இங்கே பளிச்சென்று அடித்து அங்கே இருட்டாவது அதனால்தான். திரைக்கு அந்தச் சக்தி கிடையாது. நாலு வண்ண அச்சுக்கும் கிடையாது.

அதற்காக நாலு வண்ணத்தில் தங்கத்தைக் காட்டவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகிய காலண்டர் சாமிப் படங்களைப் பாருங்கள். முருகன் கிரீடத்தில் எலுமிச்சை மஞ்சள், விளிம்பில் செம்பழுப்பு, வளைவு திரும்புகிற இடத்தில் துளி வெள்ளை, சுற்றிலும் ஆழ்ந்த நிறம். கண் அதைத் தங்கம் என்று ஒப்புக்கொள்கிறது. ஒளி எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று கிரீடத்தின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓவியர் கணக்குப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். ஒரு சாண் அகலப் படத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்தில் அந்த வித்தைக்கு இடமே இல்லை. பெயரும் கோலமும் கோடுகளும் மின்ன வேண்டுமானால் உலோக மையே வேண்டும்.

அந்த மையில் தங்கம் கிடையாது. வெள்ளி மையில் வெள்ளியும் கிடையாது. தங்க மையில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். வெள்ளி மையில் இருப்பது அலுமினியத் தூள். இந்தப் பித்தளைத் தூளுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. உருக்கு தயாரிக்கும் முறைக்காக 1856இல் காப்புரிமை பெற்ற ஹென்றி பெஸ்ஸமர், அதற்கு முன்பே 1840களில் பணம் சேர்த்தது இந்தத் தூளில்தான். அவருடைய சகோதரி வரைந்த பூ ஓவியங்களின் தொகுப்புக்குத் தலைப்பு எழுதத் தங்கத்தூள் வாங்கப் போனவர், விலையைக் கேட்டு அசந்துபோனார். பித்தளையோ மலிவு, அதைத் தூளாக்கினால் இத்தனை விலையா என்று யோசித்து, அதுவரை ஜெர்மனியில் கையால் செய்துவந்த வேலைக்கு இயந்திரம் கட்டினார். காப்புரிமை கேட்டால் ரகசியம் வெளியே போய்விடும் என்று கேட்கவே இல்லை. நெருங்கிய உறவினரை மட்டும் வைத்துப் பல்லாண்டுகள் பட்டறையை நடத்தினார். உருக்குச் சோதனைகளுக்கு அந்த வருமானம் கைகொடுத்தது. ஒரு படத்தொகுப்பின் அட்டையில் நாலு எழுத்து மின்ன வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

செம்பும் துத்தநாகமும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். துத்தநாகம் கூடினால் பசுமஞ்சள், செம்பு கூடினால் செம்மை. பேண்டோன் நிறப் புத்தகத்தில் 871 முதல் 876 வரை இந்த வரிசைதான். 871 பசுமஞ்சள் பக்கம் சாய்ந்தது. எண் ஏற ஏறச் செம்மை கூடி, 876 செம்பாகவே ஆகிவிடும். 877 வெள்ளி. நம் கார்டுகளில் அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் அதிகம் என்பதால், அவற்றின் பக்கத்தில் 871, 872 நன்றாக எடுத்துக் காட்டும். 875, 876 இரண்டும் சிவப்போடு சேர்ந்து அமுங்கிவிடும். வெள்ளைக் கார்டில் செம்பு நிறம் அழகுதான். அரக்கின் மேல் வேண்டாம் என்பேன்.

மைக்குள் இருக்கும் தூள் உருண்டையாக இருக்காது, தகடு தகடாக இருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு அகலம். கனம் அதைவிடப் பல மடங்கு குறைவு. மை தாளில் விழுந்து காய்வதற்குள் இந்தத் தகடுகள், குளத்தில் மிதக்கும் இலைகளைப் போல, மேலே வந்து ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்துக்கொண்டால்தான் பளபளப்பு. சாய்ந்தும் புரண்டும் கிடந்தால் ஒளி நாலா பக்கமும் சிதறி, வெறும் பழுப்புச் சாயமாகத் தெரியும்.

தாளை முதலில் முடிவு செய்துவிட்டு டிசைனில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். பூச்சுள்ள ஆர்ட் கார்டில் மை மேலேயே நிற்கும், தகடுகள் படுக்கும். இங்கே நாம் சிமிலி என்று சொல்கிற பூச்சில்லாத தாளில் மை உள்ளே இறங்கிவிடும், தகடுகள் நாரோடு நாராகச் சிக்கிக்கொள்ளும். ஒரே எண், ஒரே மை, ஒரே இயந்திரம். இரண்டு தாளில் அடித்து அருகருகே வைத்தால் இரண்டும் வேறு வேறு மை என்று சத்தியம் செய்வீர்கள். சிமிலிதான் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக நின்றால், அடியில் மஞ்சள் கலந்த ஒரு நிறத்தை முதலில் போட்டு அதன் மேல் தங்கம் அடிக்கலாம், அல்லது தங்கத்தையே இரண்டு முறை ஓட்டலாம். செலவு கூடும். ஏற்கெனவே முத்து மினுக்கம் உள்ள தாளில் தங்க மை போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தாளும் மின்னும், எழுத்தும் மின்னும், எதையும் படிக்க முடியாது.

இனி கோப்புக்கு வருவோம். நாலு வண்ணத்தில் கலந்து வராத, தனியாக ஒரு மையாகவே ஊற்றப்படும் நிறத்துக்கு ஸ்பாட் கலர் என்று பெயர். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், கோரல் டிரா எதுவானாலும் நிறப்பட்டியலில் புதிய நிறம் சேர்க்கும்போது அதை ஸ்பாட் என்று குறிக்கும் வசதி உண்டு. போட்டோஷாப்பில் அதற்குத் தனி ஸ்பாட் சேனல் திறக்க வேண்டும். ஒரு ஸ்பாட் நிறம் என்றால் அச்சகத்தில் ஒரு பிளேட், அச்சு இயந்திரத்தில் ஒரு மைத்தொட்டி. அங்கே பிளேட் எடுக்கும் மென்பொருளுக்கு உங்கள் மனசில் உள்ள தங்கம் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும்.

பெரும்பாலான கோப்புகள் இந்தப் பெயரில்தான் கவிழ்கின்றன. பிள்ளையாரை ஒரு பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதில் நிறம் 'பேண்டோன் 871 சி'. பெயர்களைப் புதிதாக எழுதும்போது பூச்சில்லாத தாளுக்கான பட்டியலிலிருந்து 'பேண்டோன் 871 யு' என்று எடுத்திருப்பார்கள். ஓரத்துக் கோலத்தை வேறொருவர் வரைந்து அதற்கு 'கோல்டு' என்று பெயர் வைத்திருப்பார். திரையில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். அச்சகத்துக்கு அவை மூன்று மை, மூன்று பிளேட். கவனமுள்ள அச்சகம் கூப்பிட்டுக் கேட்கும். கேட்காமல் விட்டால் அதில் ஒன்றோ இரண்டோ நாலு வண்ணமாக மாறிப்போய், பிள்ளையார் மின்னுவார், கோலம் மின்னாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பிடிஎஃப் எடுத்த பிறகு அதை அக்ரோபாட் புரோவில் திறந்து, அவுட்புட் பிரிவியூ என்னும் சாளரத்துக்குப் போங்கள். இந்தக் கோப்பில் என்னென்ன பிளேட் இருக்கிறது என்று அங்கே வரிசையாகத் தெரியும். நாலு வண்ணமும் ஒரு தங்கமும் உள்ள கார்டு என்றால் ஐந்து பெயர்தான் இருக்க வேண்டும். ஆறாவது எதுவும் கண்ணில் பட்டால் உடனே திரும்பிப் போய்ச் சரி செய்யுங்கள். பிறகு தங்கத்தின் பக்கத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். மின்ன வேண்டியவை எல்லாம் திரையிலிருந்து மறைய வேண்டும். ஏதாவது மறையாமல் நின்றால் அது வேஷம் போட்ட மஞ்சள். அடுத்து, மற்ற நாலையும் அணைத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் விடுங்கள். இப்போது தெரிவதுதான் உங்கள் தங்கப் பிளேட். எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, எங்கேயாவது மங்கலான நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சில நிமிஷ வேலைதான்.

ஸ்பாட் தங்கம் திரையில் அழகாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டையான, அழுக்குப் பிடித்த மஞ்சளாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துபோய்ப் பளபளக்கும் கிரேடியண்ட்டை மறுபடி போட்டு விடுகிறவர்கள் நிறைய. வேண்டாம். வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் காட்ட வேண்டும் என்றால் மினுக்கத்தோடு தனியாக ஒரு மாதிரிப்படம் செய்து அனுப்புங்கள், அது மாதிரிப்படம் என்று சொல்லியும் அனுப்புங்கள். அச்சகத்துக்குப் போகும் கோப்பு வேறு. நிழல், ஒளிவட்டம், எழுத்து புடைத்திருப்பது போன்ற எஃபெக்ட் எதுவும் அதில் தங்கத்தின் மேல் இருக்கக் கூடாது. இவற்றைப் போட்டால் சில மென்பொருள்கள் பிடிஎஃப் எடுக்கும்போது ஸ்பாட் நிறத்தையே நாலு வண்ணமாக உடைத்துவிடும். மினுக்கத்தை உலோகம் பார்த்துக்கொள்ளும்.

தங்கத்தை முழு அடர்த்தியில், நூறு சதவீதமாகவே வைப்பது நல்லது. முப்பது சதவீதத் தங்கம் என்று ஒன்றைப் போட்டால் இயந்திரம் அதைப் புள்ளிகளாக உடைத்து அடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் சிறிதாகும்போது அதற்குள் படுத்துக்கொள்ளும் தகடுகளும் குறையும். மினுக்கம் போய்ச் சாம்பல் கலந்த பழுப்பு மட்டும் மிஞ்சும். வெளிறிய தங்கம் வேண்டும் என்றால் மெல்லிய கோடுகளாலான கோலமாகவோ இடைவெளி விட்ட பூவேலையாகவோ வரையுங்கள். ஒவ்வொரு கோடும் முழுத் தங்கமாக மின்னும், மொத்தத்தில் பார்த்தால் வெளிறித் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வந்த பிள்ளையார் படம் சிக்கலாவதும் இதனால்தான். பெரியப்பா வீட்டுக் கல்யாணக் கார்டைப் போனில் படம்பிடித்து, அதே பிள்ளையார்தான் வேண்டும் என்று அனுப்புவார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தும்பிக்கையின் விளிம்பு ஒரு கோடாக இருக்காது. அடர்த்தியாகத் தொடங்கி, படிப்படியாக மங்கி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெள்ளையில் கரையும். அந்த மங்கல் ஒவ்வொன்றும் பிளேட்டில் புள்ளிகளாகிவிடும். தங்கத்தில் அடித்தால் விளிம்பு முழுக்க மணல் ஒட்டிய மாதிரி இருக்கும். அதை அப்படியே தங்கமாக மாற்றாமல், மேலே வைத்துப் புதிதாகக் கோடு இழுத்து வெக்டராக்கிவிட வேண்டும். தானாகவே டிரேஸ் செய்யும் கருவியை நம்பினால் பிள்ளையாரின் கண்ணும் தந்தமும் ஒன்றாகிவிடும். கையால் இழுப்பதே நல்லது. குடும்பத்துக்கு ஒரு பிள்ளையாரை ஒருமுறை ஒழுங்காக வரைந்து வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறைக் கார்டுக்கும் உதவும்.

தமிழ் எழுத்துக்குத் தங்கத்தில் தனிக் கவனம் வேண்டும். தங்க மை போடும் பக்குவம் பற்றி வருகிற அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனசில் வைத்து எழுதியவை. இத்தனை பாயிண்டுக்குக் கீழே போகாதே என்று அவை சொல்லும் அளவு நமக்குப் போதாது. தகடுகள் நிறைந்து மின்ன வேண்டும் என்பதற்காக உலோக மையைச் சற்றுக் கனமாகவே ஓட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் பருக்கும். ஆங்கில எழுத்தில் உள்வெளி பெரியது, தாங்கும். நம் 'ண'வின் சுழிகளையும், 'ஞ', 'இ', 'ஐ', 'ஜ' இவற்றின் வயிறுகளையும், 'ழ'வின் அடிச்சுழியையும் நினைத்துப் பாருங்கள். கோடு பருத்தால் சுழி அடைபடும்.

'திருநிறைச்செல்வன்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று புள்ளிகள்: ச், ல், ன். எட்டு பாயிண்டில் இந்தப் புள்ளி ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெள்ளைக் கார்டில் தங்க எழுத்தாக அடித்தால் புள்ளி தப்பிக்கும், ஆனால் அதற்குள் தகடு நிறைய இருக்க இடமில்லாததால் மின்னாது. தங்கப் பட்டைக்கு நடுவே வெள்ளை எழுத்தாக விட்டால் இன்னும் மோசம்: நாலு பக்கமும் இருந்து மை பரவி வந்து புள்ளியை மூடிவிடும். மாப்பிள்ளை 'திருநிறைசசெலவன'ஆகப் பந்தலுக்குப் போவார். சில அலங்கார எழுத்துருக்களில் புள்ளி நிரம்பிய வட்டமாக இல்லாமல் வளையமாக இருக்கும். அந்த வளையத்தின் நடு ஓட்டை முதல் தாளிலேயே அடைபட்டுவிடும்.

ஆகவே என் பழக்கம் இது. தங்கத்தில் வருகிற தமிழுக்குக் கோடு முழுக்க ஒரே கனமாக உள்ள எழுத்துருவை எடுப்பேன். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மயிரிழையாக மெலியும் எழுத்துகளைத் தொடமாட்டேன். மணமக்கள் பெயர், கோயில் பெயர் போன்ற பெரிய எழுத்துகளுக்கு மட்டும் தங்கம். நேரம், முகவரி, உபயதாரர் பட்டியல் எல்லாம் கறுப்பிலோ அரக்கிலோ. தங்கப் பட்டையில் வெள்ளையாக விடும் தமிழ் 12 பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்தில். எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிய பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சற்றே பெரிதாக்கி, எழுத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி வைப்பேன். சுழிகளுக்குள் கொஞ்சம் வெட்டி இடம் கொடுப்பேன். பார்ப்பவர் யாருக்கும் இது தெரியாது. படிப்பது மட்டும் சுலபமாகும்.

எழுத்தை வளைகோடாக மாற்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1980களிலேயே பிறந்த நாடு இது. அன்று தொடங்கிப் பல குறியாக்கங்களில் தமிழைத் தட்டி வந்திருக்கிறோம். கோயில் அலுவலகக் கணினியில் பழைய எழுத்துருவில் தட்டிய உபயதாரர் பட்டியல் இருக்கும், பெயர்கள் யூனிகோடில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தால் பெயருக்குப் பதில் குப்பை வரும். இன்டிசைனில் யூனிகோடு தமிழைத் தட்டுகிறவர்கள் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்னும் வசதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். வளைகோடாக மாற்றிய கோப்பைத் தாளில் அச்செடுத்து, வீட்டில் கண் நல்ல பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தக்கூடிய மூலக்கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தங்கமும் பக்கத்து நிறமும் ஒன்றோடொன்று சேரும் இடம். அரக்குப் பின்னணியில் தங்கக் கோபுரம் என்று வைத்துக்கொள்வோம். கோபுரத்தின் அளவுக்கு அரக்கில் வெள்ளை ஓட்டை விட்டு அதற்குள் தங்கத்தை உட்கார வைப்பது ஒரு வழி. நாக் அவுட் என்பார்கள். அரக்கை அப்படியே விட்டு அதன் மேல் தங்கத்தை ஓட்டுவது இன்னொரு வழி, அது ஓவர்பிரிண்ட். தங்க மை ஓரளவுதான் மறைக்கும். அரக்கின் மேல் விழுந்தால் அதன் இருட்டு மேலே வந்து தங்கம் கறுத்துவிடும். பெரிய உருவத்துக்கு நாக் அவுட்தான் சரி.

ஆனால் ஓட்டையில் தங்கம் கச்சிதமாகப் போய் உட்கார வேண்டும். நம் பக்கத்துச் சிறு கடைகளில் நாலு வண்ண இயந்திரத்தில் முதலில் நாலையும் அடித்துவிட்டு, தாளை எடுத்து வைத்து, காய்ந்த பிறகு தங்கத்துக்காக மறுபடி ஓட்டுவது சகஜம். அந்த இடைவெளியில் தாள் சும்மா இருக்காது. மழை பெய்கிற நாளில் கெடாவின் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து மெல்லிய அளவில் விரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிவு போதும். கோபுரத்தின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அதனால் இரண்டு நிறமும் விளிம்பில் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுமாறு வைக்க வேண்டும். இதற்கு டிராப் என்று பெயர். வழக்கமான நிறங்களுக்கு வெளிர் நிறத்தை அடர் நிறத்துக்குள் நீட்டுவார்கள். தங்கம் கடைசியில் மேலே விழுவது, அடியில் உள்ளதை ஓரளவு மறைப்பது. ஆகையால் பக்கத்து நிறத்தைத் தங்கத்துக்கு அடியில் கொஞ்சம் நீட்டி விடுவது நல்லது. இரண்டு தடவை ஓடும் வேலைக்கு 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதை நீங்கள் செய்கிறீர்களா அச்சகம் செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் செய்தால் இரட்டை விளிம்பு வரும்.

ஆனால் அரக்கின் மேல் மெல்லிய தங்க எழுத்துக்கு நாக் அவுட் செய்யவே கூடாது, கொஞ்சம் கறுத்தாலும் ஓவர்பிரிண்டாகவே விடுங்கள். மயிரிழை பிசகினாலும் எழுத்துக்கு வெள்ளை நிழல் வந்துவிடும். தங்கப் பட்டையின் மேல் கறுப்பு எழுத்து வந்து, கறுப்பு தங்கத்துக்குப் பிறகு ஓடுவதாக இருந்தால் கறுப்பை ஓவர்பிரிண்டாக வையுங்கள். அங்கே ஓட்டை விடுவதில் எந்த லாபமும் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. தங்க மையே வாங்காமல் வெள்ளி மையை முதலில் அடித்து, அது காய்ந்த பிறகு அதன் மேல் சாதாரண மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் ஓட்டினால் தங்கம் வந்துவிடும். நாலு வண்ண மைகள் ஒளியை ஊடுருவ விடுபவை. அடியில் உள்ள அலுமினியம் அவற்றின் வழியே மின்னும். அதே வெள்ளியின் மேல் பச்சை போட்டால் மயில் கழுத்து, சிவப்பு போட்டால் மின்னும் குங்குமம். ஒரே கூடுதல் பிளேட்டில் இத்தனை நிறம். பித்தளை நாளடைவில் கறுக்கும், அலுமினியம் அப்படிக் கறுக்காது என்பது இன்னொரு நன்மை. ஆனால் மேலே நிறம் ஏற்றுவதற்கென்று உள்ள வெள்ளி மை வேறு. தகடுகள் மேலே மிதக்கும் வகை மையின் மேல் வேறு எதுவும் சரியாகப் பிடிக்காது. கோப்பில் வெள்ளியை முதலில் என்றும், மற்றவற்றை அதன் மேல் ஓவர்பிரிண்ட் என்றும் வைத்து, அச்சகத்துக்கு எழுத்து மூலமே சொல்லிவிடுங்கள்.

கார்டு அச்சான பிறகு நடப்பவற்றையும் டிசைன் செய்யும்போதே யோசிக்க வேண்டும். மடிப்பின் மேல் தங்கப் பட்டை ஓடினால் மடித்த இடத்தில் வெடித்து வெள்ளை தெரியும். தங்கம் கையில் உரசினால் தேயும். நாம் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறவர்கள். ஈரக்கை படும் அந்த மூலைகளில் தங்கம் வைக்காமல் வெறுமையாக விடுவதே மேல். மேலே மேட் லேமினேஷன் போட்டால் மினுக்கத்தில் பாதி போய்விடும். சில நீர்ப் பூச்சுகளில் அம்மோனியா உண்டு, அது செம்பைக் கெடுக்கும். தங்க மை இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால் அச்சகம் வேறு பூச்சைத் தேர்ந்தெடுக்கும். இப்போதெல்லாம் மண்டபத்துக்கு வழிகாட்ட கார்டில் கியூஆர் கட்டம் வைக்கிறோம். அதைத் தங்கத்தில் போடவே போடாதீர்கள். விளக்கு வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கும்போது போன் அதைப் படிக்கத் திணறும். வெள்ளையில் கறுப்புதான் அதற்குச் சரி. காய்வதற்கு நேரம் கொடுங்கள். தங்க மை காயும் முன் அடுக்கினால் ஒரு கார்டின் தங்கம் மேலே உள்ள கார்டின் முதுகில் ஒட்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து அவசரப்படுத்துவது நம் கார்டுக்கு நாமே செய்யும் கெடுதல்.

இவ்வளவுக்கும் மேலே, எத்தனை கார்டு என்ற கேள்வி இருக்கிறது. உலோக மை என்றால் தனிப் பிளேட், இயந்திரத்தைக் கழுவி மை மாற்றும் கூலி. இருநூறு கார்டானாலும் இரண்டாயிரமானாலும் அந்தச் செலவு ஒன்றுதான். சித்திரா பௌர்ணமிக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுக்கிற சுங்கைப் பட்டாணி சுப்பிரமணியர் கோயில் போன்ற பெரிய கோயிலுக்குப் பிளேட் வைத்து அடிக்கும் ஆப்செட்டில் தங்க மை கட்டுப்படியாகும். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டக் கோயிலுக்கோ, சொந்தக்காரர் வரைக்கும் போதும் என்கிற கல்யாணத்துக்கோ வேறு வழிகள் நன்றாக இருக்கும்.

ஒன்று ஹாட் ஸ்டாம்பிங். மெல்லிய பிளாஸ்டிக் சுருளில் அலுமினியப் படலமும் அதன் மேல் மஞ்சள் வார்னிஷும் ஏற்றியிருப்பார்கள். உலோக அச்சைச் சூடாக்கி அழுத்தினால் அந்தப் படலம் கழன்று கார்டில் ஒட்டிக்கொள்ளும். தகடு தகடாக இல்லாமல் ஒரே பரப்பாக இருப்பதால் எந்த மையையும்விடக் கூடுதலாக மின்னும். அரக்குத் தாளில் இதற்கு ஈடு இல்லை. இதற்கான கோப்பு வேறு மாதிரி: தங்கம் வர வேண்டியவை மட்டும் தனிக் கோப்பில், நூறு சதவீதக் கறுப்பில், வெக்டராக. பாதி அடர்த்தி என்பதே கிடையாது. கோடுகளுக்கு இடையே 0.3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் படலம் பாலம் போட்டுவிடும். நம் 'ண'வும் புள்ளியும் இங்கேயும் அதே கவனத்தைக் கேட்கும். அச்சான நிறத்தோடு விளிம்பு ஒட்டி நிற்கும்படி வரைய வேண்டாம், கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

இன்னொன்று டிஜிட்டல். 2018இல் வந்த ஜெராக்ஸ் இரிடெஸ் போன்ற இயந்திரங்கள் நாலு வண்ணத்தோடு தங்க, வெள்ளி டோனரையும் ஒரே ஓட்டத்தில் போடுகின்றன. பிளேட்டும் இல்லை, இரண்டாம் ஓட்டமும் இல்லை. ஐம்பது கார்டுகூட அடிக்கலாம். மினுக்கம் ஹாட் ஸ்டாம்பிங் அளவுக்கு வராது. கோப்பில் ஸ்பாட் நிறத்துக்கு அந்த இயந்திரம் எதிர்பார்க்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் வைக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் தங்க டோனர் பக்கமே போகாமல் சாதாரண மஞ்சளில் அடித்துக் கொடுத்துவிடும்.

ஆக, டிசைனைத் திறப்பதற்கு முன்னால் அச்சகத்துக்கு ஒரு போன் போட்டு, எந்தத் தாள், எத்தனை கார்டு, தங்கம் மையா ஸ்டாம்பிங்கா டோனரா, ஸ்பாட் நிறத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுவிடுங்கள். மைதான் என்று முடிவானால், நீங்கள் தேர்ந்தெடுத்த அதே தாளில் அந்த மையைத் தேய்த்து ஒரு துண்டு தரச் சொல்லுங்கள். அதை வீட்டு விளக்கிலும் வாசல் வெயிலிலும் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லலாம்.